ஓடாத காருக்கும் வயதாகிறது

மும்பை–புணே விரைவுச்சாலை 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது, அதன் புணே முனை தேஹு ரோடை ஒட்டியுள்ள கிவளேயில் அமைந்தது. பெங்களூரு பக்கம் போகும் காத்ரஜ் புறவழிச்சாலையும் அங்கேதான் வந்து சேர்கிறது. ராணுவக் கிடங்குகளையும் படைக்கலத் தொழிற்சாலையையும் சுற்றி வளர்ந்த இந்தக் கண்டோன்மென்ட் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பணி ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு இங்கே அன்றாட வேலை மிகக் குறைவு. நிகடி கடைத்தெரு, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, கோயில், அவ்வளவுதான். ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். வண்டிக்கு வயது 15, மீட்டரில் 30,000 என்பது இப்படித்தான் நேர்கிறது. எப்போதாவது ஒரு மே மாதம் சேலத்திலோ வேலூரிலோ ஒரு கல்யாணம் என்றால், அதே கார் வீட்டிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. ‘ஓடவே இல்லாத வண்டிக்கு எதற்கு வீண் செலவு?’ என்ற கேள்விக்கு அந்த இடத்தில்தான் பதில் தேட வேண்டும். இத்தகைய காரின் பராமரிப்பைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், மீட்டரைப் பார்த்து அல்ல என்பது என் வாதம். அதிலும் வண்டியை நிறுத்தும் பாகங்களுக்கும் தரையில் பிடித்துவைக்கும் பாகங்களுக்குமே முதல் பணம் போக வேண்டும்.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். பேரில்தான் ஆயில். உண்மையில் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் திரவம். ஷெட்டில் நின்றாலும் சாலையில் ஓடினாலும் உறிஞ்சும். மழைக்காலத்தில் மேற்கு மலைத்தொடரை ஒட்டிய இந்த ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 140 டிகிரி. நிகடிக்குப் போய்வரும் வண்டியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மும்பை போகும் வழியில் லோனாவாலாவைத் தாண்டி கோபோலிக்கு இறங்கும் மலைப்பாதையில், நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய காரின் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் தெரியும். சூட்டில் திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவாகின்றன. திரவத்தைப் போலன்றி ஆவி அழுத்தத்தில் சுருங்கிவிடும். மிதித்த பெடல் பிடிப்பில்லாமல் உள்ளே போகிறது. பானெட்டைத் திறந்து சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பாருங்கள். புதிதில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது டீ டிகாக்‌ஷன் போலக் கருத்திருந்தால், மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டது. நிறம் கருக்காவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது, செலவு பெரிதல்ல.

டயர் விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது, ஏனென்றால் ஓடாத காரின் டயர் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். பட்டன் தேயவில்லை, பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதோடு பலரும் திருப்தி அடைகிறார்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். வெயிலும் காற்றும் ரப்பரைக் கெட்டிப்படுத்துகின்றன. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்பதும் காற்று இறங்கியபடி கிடப்பதும் அதை இன்னும் கெடுக்கின்றன. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதியுங்கள், நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. மே மாத வெயிலில் காய்ந்த கான்கிரீட்டின் மேல் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் டயர் வெடித்தால், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். தொடாமலே கிடந்தாலும் அதற்கும் வயதாகிறது.

குறைவாக ஓட்டுவது இன்ஜினுக்கு ஓய்வு என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் இறங்கித் தங்குகின்றன. சைலன்சருக்குள் தேங்கும் நீர் உள்ளிருந்தே துருவை வளர்க்கிறது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ‘10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது’ என்று கையேடு சொல்வதில் நாம் முன்பாதியை மட்டும் படிக்கிறோம். எத்தனால் விவகாரத்தில் அரசும் அப்படியே பேசியது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் குறித்துச் சர்ச்சை எழுந்தபோது, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. வரை ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கியது. ஆண்டுக்கு 2,000 கி.மீ. ஓடும் காருக்கு அந்தக் கணக்குப்படி பத்துப் பதினைந்து ஆண்டாகும். ஆனால் அந்த ரப்பர் குழாய் பெட்ரோலில் ஊறிக்கொண்டிருப்பது தினம் தினம். ஆண்டுக்கு ஒருமுறை அதை விரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்போ கசிவோ இருந்தால் மாற்றுவதே சரி. பழைய ஆல்டோ, பழைய சான்ட்ரோ போன்ற வண்டிகளின் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். அது அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். சில இன்ஜின்களில் வால்வும் சேர்ந்து வளையும்.

ஒர்க்‌ஷாப்காரர் பில்லை ஏற்றவே இதெல்லாம் உதவும் என்று சிலர் சந்தேகிக்கலாம். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எதை மாற்ற வேண்டாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 30,000 கி.மீ. ஓடிய காருக்கு, கோளாறு ஏதும் தெரியாதபோது, கிளட்ச் தேவையில்லை. இன்ஜினுக்குள் ரசாயனம் விட்டுக் கழுவுவது, இன்ஜெக்டர் சுத்தம், பளபளப்புப் பூச்சு எதுவும் அவசரமில்லை. அந்தப் பணத்தில் இரண்டு டயர் வந்துவிடும். காரின் சந்தை விலையே ஒரு லட்சம்தான், அதற்கு 30,000 ரூபாய் செலவா என்பது இன்னொரு கேள்வி. விற்கப்போகும் காருக்கு அது சரியான கேள்வி. வைத்துக்கொள்ளப்போகும் காருக்கு ஒப்பிட வேண்டியது, அதன் இடத்தில் வரும் புதுக் காரின் விலையோடு. பிரேக் ஆயிலுக்கும் டயருக்கும்கூடச் செலவழிக்க மனமில்லை என்றால், அந்தக் காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போகாமல் இருப்பதே நேர்மை.

பழையதைக் கழித்துக்கட்டுவதே நல்லது என்ற கொள்கைக்காரர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது; புகையும் பாதுகாப்பும் உண்மையான கவலைகள். ஆனால் அரசின் நடவடிக்கைகள் பெரும்பாலும் வயதின் மேல் கட்டணம் ஏற்றுவதாகவே இருக்கின்றன. 15 ஆண்டு முடிந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இடையில் ஒருவர் வண்டியைப் பார்ப்பது புகைச் சான்றிதழுக்காக மட்டும்தான். அங்கே டயரின் வயதையும் பிரேக் ஆயிலின் ஈரத்தையும் யாரும் கேட்பதில்லை. இவ்வளவு கட்டணம் வாங்கும் அரசு அதற்கு ஈடாக இந்தச் சோதனையையாவது தர வேண்டும். ஈரத்தை அளக்கப் பேனா அளவே உள்ள மலிவான கருவி போதும். டயரின் நான்கு இலக்கத்தைப் படிக்க அதுகூட வேண்டாம். ஒருவர் குனிந்து பார்த்தால் போதும்.