கட்டடம் மட்டும் போதாது

"மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, இனி என்ன குறை?" என்று கேட்கிறார்கள். 2019-இல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு 2022-இலேயே கல்லூரி திறக்கப்பட்டது பெரிய விஷயம்தான். ஆனால் அதே மாவட்டத்தின் களமருதூரில் சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில். முட்டிவலிக்கு உளுந்தூர்பேட்டையில் தனியார் டாக்டர். கால் வீங்கினால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை. அங்கும் சரிப்படாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம். சர்க்கரை உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு மருத்துவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. சேர்த்துப் பார்க்க வேண்டியவர் யார்? சீட்டுகளை மஞ்சப்பையில் சுமக்கும் அந்தப் பெரியவரா?

"நோயாளிதான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்" என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருபவரிடம் அப்படிச் சொல்வது கொடுமை.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதைக் கொண்டுவரும் ஊழியரிடம், நோயாளி எங்கெங்கோ வாங்கும் எல்லா மருந்துக்கும் ஒரே பட்டியல் இருக்கட்டும். அதை மாதம் ஒருமுறை ஒரு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவிடட்டும்.