தமிழ்நாடு நீங்கலாக

என் தங்கை மகன் பீளமேட்டில் இருக்கிறான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. பெயரைப் போட்டு எழுதினால் கல்லூரியில் தலை காட்ட முடியாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்; ஆகவே பெயர் வேண்டாம். படிப்பில் மோசமில்லை. ஆனால் அவனுடைய உயிர் இருப்பது வீடியோ விளையாட்டில். அது என்ன விளையாட்டு என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு கார் ஓடுகிறது, வளைகிறது, இடிக்கிறது, மறுபடி ஓடுகிறது. பத்து நிமிஷம் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அவனுக்கோ பத்து மணி நேரம் போனாலும் பத்து நிமிஷம் போன மாதிரிதான்.

சென்ற கோடையில் ஒரு குளிர்பானக் கம்பெனி பெரிய போட்டி ஒன்றை அறிவித்தது. ஏதோ ஒரு பேர் பெற்ற விளையாட்டோடு கூட்டுச் சேர்ந்து நடத்திய போட்டி. முதல் பரிசு கேம் கன்சோல், மும்பையில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு விமானப் பயணம், தங்கும் செலவு, இன்னும் என்னென்னவோ. அந்த விளம்பரத்துக்குத் தப்பி இரண்டு மாதம் கோயம்புத்தூரில் ஒருவன் நடமாடியிருக்க முடியாது. கிராஸ்கட் ரோட்டில் ஆகாயத்தை மறைத்துக்கொண்டு ஒரு தட்டி. காந்திபுரம் பஸ் நிலையத்தில் இன்னொன்று. டவுன் பஸ்ஸின் முதுகிலே மற்றொன்று. எல்லாம் நல்ல தமிழில். ஒரு நடிகர் விரலை நம் மார்புக்கு நேராக நீட்டி, “அடுத்த சாம்பியன் நீதான்!” என்கிறார். நானே ஒரு நாள் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று.

போட்டியின் முறை இது: பாட்டிலின் மூடிக்கு அடியில் ஓர் எண் இருக்கும். அதைச் செயலியில் பதிந்தால் ஓர் ஆட்டம் ஆடலாம். ஓடுகிற ஓட்டத்துக்குப் புள்ளி. புள்ளி அதிகம் பெற்றவர்களைச் சேர்த்துக் கடைசியில் குலுக்கல். பையனும் அவனுடைய நான்கு சிநேகிதர்களும் ஒரு கூட்டுறவுச் சங்கம் போல் சேர்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். பாட்டில் 40 ரூபாய். ஆறு வாரத்தில் 63 பாட்டில். 2,520 ரூபாய். அதில் பாதி என் தங்கையின் சமையலறை டப்பாவிலிருந்து போனது என்பது பிறகு தெரிய வந்தது.

செயலி அவர்களை ஒரு குறையும் சொல்லாமல் வரவேற்றது. 63 எண்களையும் விழுங்கியது. கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டது, வயதை வாங்கிக்கொண்டது, பிறந்த நாளன்று வாழ்த்துக்கூட அனுப்பியது. புள்ளிப் பட்டியலில் இவர்கள் மேலே மேலே ஏறினார்கள். கடைசி நாளில் முகவரி கேட்டு ஒரு படிவம் வந்தது. ஊர்: கோயம்புத்தூர். பின்கோடு: 641004. மாநிலம் என்ற கட்டத்தை அழுத்தினால் மாநிலங்களின் வரிசை இறங்குகிறது. ஆந்திரா இருக்கிறது, அஸ்ஸாம் இருக்கிறது, சிக்கிம் இருக்கிறது. தமிழ்நாடு மட்டும் இல்லை. மேலும் கீழுமாக இருபது தடவை உருட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒருவன் நிபந்தனைகள் என்ற பகுதியைத் திறந்து, எறும்பு ஊர்வது போன்ற ஆங்கில எழுத்துக்களில் பதினான்காவது நிபந்தனையைக் கண்டுபிடித்தான். இந்தியாவில் வசிப்பவர்கள் அனைவரும் கலந்துகொள்ளலாம், தமிழ்நாடு நீங்கலாக.

ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு வந்தான். “மாமா, நம்மூரு இந்தியாவுல இல்லீங்களா?” என்று கேட்டான்.

மறுநாள் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு நான் போன் செய்தேன். முதலில் இந்தியில் ஒரு அம்மாள், பிறகு ஆங்கிலத்தில் ஒரு பிள்ளை. “சார், உங்கள் மாநிலச் சட்டம் அப்படி” என்றான். குரலில் ஓர் அனுதாபம்கூட இருந்தது, ஏதோ நாங்கள் வெள்ளத்தில் அகப்பட்டுக்கொண்ட ஊர்க்காரர்கள் மாதிரி. அப்படியானால் எங்கள் மாநிலத்தில் ஏன் தட்டி வைத்தீர்கள் என்று கேட்டேன். மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொல்லி, என் அபிப்பிராயத்துக்கு நன்றியும் சொல்லி வைத்துவிட்டான்.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னபோது பத்தில் ஒன்பது பேர் சட்டத்தைத்தான் திட்டினார்கள். நான் சட்டத்தைத் திட்டப் போவதில்லை. அது என்ன சட்டம் என்று முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979. சாமான் வாங்குகிறவர்களிடையே சீட்டுக் குலுக்கியோ வேறு வகையிலோ சிலரைப் பொறுக்கி எடுத்துப் பரிசு கொடுக்கும் திட்டத்தை அது தடுக்கிறது. அதன் நியாயம் விளங்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்ட எனக்கே விளங்குகிறது. ஒரு புடவை வேண்டும் என்று கடைக்குப் போகிறவள் ஒரு புடவை வாங்குவாள். கார் விழும் என்று போகிறவள் நாலு புடவை வாங்குவாள். கார் ஒருத்திக்கு விழும். கடன் எல்லாருக்கும் விழும். இதற்கு ஒரு வருஷம் முன்பு, 1978-இல், பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் மத்திய அரசே தடை செய்தது. அந்தக் காலத்து வியாதி அது.

வியாதி இன்றைக்குத் தீர்ந்துவிட்டதா என்றால், கொங்கு நாட்டுக்காரன் ஆம் என்று சொல்ல வாய் வராது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி ஓடிய ஓட்டத்தை நாம் பார்த்தோம். நடிகர்கள் வந்து சிபாரிசு செய்தார்கள். காட்டை விற்றும் நகையை வைத்தும் பணம் கட்டினவர்கள் 2012-இல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றார்கள். வெளிநாட்டுச் சாட்சியமும் உண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்தில் 1992-இல் பெப்சி கம்பெனி மூடிக்கடியில் எண் வைத்துப் பரிசு நடத்தியது. ஒரு நாள் 349 என்ற எண்ணுக்குப் பத்து லட்சம் பேசோ என்று டெலிவிஷனில் அறிவித்தார்கள். அந்த எண்ணோ தவறுதலாக லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகியிருந்தது! ஏழை ஜனங்கள் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். லாரிகள் எரிந்தன, உயிர்களும் போயின. இதையெல்லாம் நினைத்தால் 1979-இல் இந்தச் சட்டத்தை எழுதினவர்கள் மூடர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

சர்க்காரும் இந்த விஷயத்தில் கை கழுவிய சந்நியாசி அல்ல என்பது வேறு சங்கதி. 1968-இல் அண்ணாதுரை ஆட்சியில் அரசே பரிசுச் சீட்டு விற்க ஆரம்பித்தது. கடைக்காரன் குலுக்கினால் குற்றம் என்று சட்டம் இருந்த காலத்திலேயே, டவுன்ஹாலிலும் உக்கடத்திலும் லாட்டரிக் கடைகள் ஒலிபெருக்கி வைத்துக் கூவியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2003 ஜனவரியில்தான் லாட்டரி நின்றது. அந்த வருஷமே நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு கதவை அடைக்கும்போது காற்றோட்டத்துக்கு இன்னொன்றைத் திறந்து வைக்க வேண்டும் என்ற சுகாதார விதி போலும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரள அரசின் சீட்டு. இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே போய் வருகிறவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

போகட்டும். என் கோபம் கம்பெனியின் மேல். சட்டம் கம்பெனியிடம் சொன்னது, “தமிழ்நாட்டில் இந்தக் குலுக்கலை நடத்தாதே” என்பது. கம்பெனி செய்தது என்ன? குலுக்கலை நடத்தவில்லை, குலுக்கலின் ஆசையை மட்டும் நடத்தியது. பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சாம்பார் வாசனையையும் காட்டிவிட்டு, “உங்கள் வரிசைக்குச் சாப்பாடு இல்லை, உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது” என்றால் எப்படி இருக்கும்? மொய்யை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதுவும் 63 தடவை. சட்டம் தடுக்க நினைத்த தீமை பேராசை காட்டிச் சரக்கை விற்பதுதான். அந்தத் தீமை முழுசாக நடந்தது. நடக்காமல் போனது பரிசு ஒன்றுதான். வேறு மாநிலத்துப் பையனுக்குக் கோடியில் ஒரு வாய்ப்பாவது உண்டு. எங்கள் பையனுக்குப் பூஜ்யம். ஆனால் பாட்டில் இருவருக்கும் 40 ரூபாய். பரிசுக்கும் தட்டிக்கும் நடிகருக்கும் ஆன செலவு எங்கிருந்து வருகிறது? அந்த 40 ரூபாய்க்குள்ளிருந்துதான். மும்பைக்கு விமானம் ஏறுகிற ஏதோ ஒரு பிள்ளைக்குப் பீளமேட்டுப் பையன் டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறான். தமிழ்நாட்டில் விற்கிற பாட்டிலுக்கு ஒரு ரூபாய் குறைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

“நிபந்தனையில் போட்டிருக்கிறோமே” என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கென்று 2022 ஜூன் மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ, அதன் விலக்குக் குறிப்பும் அந்த மொழியிலேயே இருக்க வேண்டும். எழுத்துருவும் அதேயாக இருக்க வேண்டும். கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். விலக்குக் குறிப்பைக் கொண்டு முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது. இதெல்லாம் அந்த விதிகளில் சொன்னது, நான் சொன்னதல்ல. கிராஸ்கட் ரோட்டுத் தட்டியில் நடிகர் தமிழில் பேசினாரே, “தமிழ்நாடு நீங்கலாக” என்பதையும் அவரே அதே தமிழில், அதே ஆள் உயர எழுத்தில் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருந்தால் தட்டியே வேண்டியிருந்திராது. ஒவ்வொரு கம்பெனியும் இதை அறியும். பின்கோடைக் கடைசியில் கேட்கிற செயலிக்கு அதை முதலில் கேட்கத் தெரியாதா? அப்படிக் கேட்டால் பாட்டில் விற்காது.

இன்னொரு சூதும் உண்டு. சட்டம் தடுப்பது சாமான் வாங்கியவர்களுக்குள் நடக்கும் குலுக்கலை. எதுவும் வாங்க வேண்டாம், திறமையுள்ளவன் ஜெயிக்கட்டும் என்று ஒரு பந்தயம் வைத்தால் அது வேறு விவகாரம். இப்போது 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம்கூடப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸ் என்பதைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. ரம்மியில் குடும்பம் இழந்தவர்களின் கதையைக் கேட்ட நாட்டில் அந்தப் பிரிவினை அவசியம்தான். ஆனால் கம்பெனி வக்கீல்களுக்கு இந்த நுட்பம் எதற்கு? போட்டி குலுக்கலோ, கட்டுரையோ, கார் ஓட்டமோ, பழைய நிபந்தனைத் தாளை எடுத்து “தமிழ்நாடு நீங்கலாக” என்று ஒட்டிவிடுகிறார்கள். ஏழு கோடிக்கு மேல் ஜனங்களை ஒரு வரியில் நீக்குவது, ஒரு வக்கீலை ஒரு மத்தியானம் உட்கார்ந்து படிக்கச் சொல்வதைவிட மலிவு. கனடாவில் க்யூபெக் மாகாணத்துக்கும் இதே கதி இருந்தது. அங்கே போட்டி நடத்தப் பதிவும் கட்டணமும் வேண்டும் என்பதால், உலகப் போட்டிகள் பலவற்றில் “க்யூபெக் நீங்கலாக” என்று போடுவது வழக்கமாகிவிட்டது. 2023 அக்டோபரில் அந்த மாகாணம் அந்த விதிகளை எடுத்துவிட்டது. நம் அரசும் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குலுக்கல் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் வேண்டாத குலுக்கலின் விளம்பரத்தையும் இந்த எல்லைக்குள் வைக்காதே என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பிழைத்தால் இரண்டும் பிழைக்கட்டும், செத்தால் இரண்டும் சாகட்டும்.

சிங்காநல்லூரில் என் நண்பர் ஒருவர், மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், நான் இதை எழுதப் போகிறேன் என்றதும் சிரித்தார். “ஏனுங்க, ஊர்ல மில்லு மில்லா மூடிக் கெடக்குது. நூல் வெலை என்னாச்சுன்னு எழுதாம, பொடுசுக கலர்த் தண்ணி குடிச்சதுக்கு ஒரு கட்டுரையா?” என்றார். நியாயமான கேள்வி. நூல் விலையைப் பற்றி எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். பையன்கள் ஏமாந்ததை யார் எழுதுவார்கள்? அவர்கள் ஏமாந்ததில் எனக்கு உறைத்தது பணம் அல்ல. ஐந்து பேரும் ஆறு வாரம் ராத்திரி கண் விழித்து, ஒரு வளைவை எந்த வேகத்தில் திரும்பினால் அரை விநாடி மிச்சமாகும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் பழகியிருக்கிறார்கள். அந்த நோட்டை நான் பார்த்தேன். பரீட்சைக்குக்கூட அவ்வளவு சுத்தமாக எழுதமாட்டான். அந்த உழைப்பைக் கம்பெனியின் கணக்கு யந்திரம் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டே இருந்தது, இது எண்ணிக்கையில் சேராது என்று தெரிந்தே.

நண்பர் மோரைக் குடித்துவிட்டு, “அது தப்புத்தானுங்க” என்றார்.

என் தங்கை நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம், துணைக்கு நான் வருகிறேன், மூடிகளும் பாட்டில்களும் பத்திரமாக இருக்கட்டும் என்று சொன்னேன். மூடிகளைப் பையன் ஒரு ஷூ பெட்டியில் எண் வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறான். பாட்டில்களைத்தான் அவன் கல்லூரிக்குப் போயிருந்தபோது அவளே பழைய பேப்பர்க் கடைக்காரனுக்குப் போட்டுவிட்டாள். 63 பாட்டிலுக்கும் சேர்த்து 18 ரூபாய் கொடுத்தானாம்.