மூச்சும் ஒரு சமூகப் பணியே

மூச்சுப் பயிற்சி இன்று கைத்தொலைபேசியில் விற்பனையாகும் சரக்காகிவிட்டது. உங்கள் உறக்கம், உங்கள் மன அமைதி என்று எல்லாம் தனியாளைச் சுற்றியே பேசப்படுகின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே இதே பயிற்சி வேறொரு பாதையில் நடந்திருக்கிறது. அதனை நம்மவரிற் பலர் அறியார்.

கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த எரிக்கா ஹகின்ஸின் கணவர் ஜோன், 1969 ஜனவரி 17 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக வளாகத்திற் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவர்களது பெண்குழந்தை பிறந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. சுட்டவர்கள் மௌலானா கரேங்காவின் அமைப்பைச் சேர்ந்தோர். 1966இல் குவான்சா விழாவைத் தொடங்கி, 'உஜிமா' எனும் கூட்டுப் பொறுப்பு உள்ளிட்ட ஏழு ஆபிரிக்கக் கோட்பாடுகளை வகுத்தவரும் இதே கரேங்காதான். இவ்விரு அமைப்புகளின் பகைக்கு அமெரிக்க உளவுத்துறை போலிக் கடிதங்களால் எண்ணெய் வார்த்தது என்பது பின்னர் செனட் விசாரணையில் வெளிவந்தது. ஆயினும், கோட்பாட்டை உச்சரிப்பது வேறு, அதன்படி வாழ்வது வேறு என்பதற்கு இதனைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

அதே ஆண்டில் எரிக்காவும் கைதானார். சிறையிலே, தனிமையிலே, யோகாசனத்தையும் தியானத்தையும் தாமே கற்றுக்கொண்டார். 1971இல் வழக்குத் தள்ளுபடியாகி வெளியே வந்தவர், கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ஒக்லண்ட் நகரில் கட்சி நடத்திய சமூகப் பாடசாலைக்கு 1973 முதல் தலைமை தாங்கி, அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியோடும் உணவோடும் தியானத்தையும் அன்றாடப் பழக்கமாக்கினார். தியானம் போராளியை முடக்கிவிடும் என்போர் இப்பெண்மணியின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். 1982இல் அப்பாடசாலை மூடப்பட்டது பேரிழப்பு என்பேன்.

பயிற்சியின் பயன் மாயமன்று. நிமிடத்திற்கு ஆறு முறை அளவில், வெளிமூச்சை நீட்டி மெதுவாகச் சுவாசிக்கையில் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்புத் தணிகிறது. தொடர்ந்து செய்வோர்க்கு இரத்த அழுத்தமும் ஓரளவு குறையக்கூடும். ஓரளவுதான். மாத்திரையை நிறுத்திவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லும் நமது 'குருமார்' சிலர் இதனைக் கவனிப்பார்களாக!

உயர் இரத்த அழுத்தம் கறுப்பின அமெரிக்கரை ஏனையோரைவிட அதிகமாகவும் இளவயதிலேயும் தாக்குகிறது. வறுமை, அயலின் நிலை, எந்நேரமும் விழிப்போடு வாழவேண்டிய அச்சம் ஆகியவற்றுக்கும் இதிற் பங்குண்டு. 2014இல் நியூயோர்க்கில் எரிக் கார்னரும் 2020இல் மினியாபொலிஸில் ஜோர்ஜ் புளொயிட்டும் மூச்சுவிட முடியவில்லை என்று பொலிசாரிடம் கெஞ்சியபடியே இறந்தார்கள். அம்மக்களிடம் போய், ஆழமாகச் சுவாசியுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்வது அநாகரிகம்.

செய்யத்தக்கது என்னவென்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிற் கறுப்பின ஆண்கள் கூடும் முடிதிருத்தகங்களுக்கே மருந்தாளர்கள் சென்று இரத்த அழுத்தம் அளந்து மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளிகள் இறங்கியது. முடிதிருத்துவோரின் அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 9 புள்ளிகளளவே. வைத்தியசாலையை நம்பாதவர், தம் முடிதிருத்துநரை நம்பினார். மாத்திரையோடு ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சியையும் அந்தக் கதிரையிலேயே சொல்லிக்கொடுப்பதற்கு என்ன தடை?