சர்க்கரை இறங்கினால்?

"ஏகாதசி விரதம். ஆனால் இன்சுலின் ஊசியை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார் என் மாமியார். மத்தியானம் படுத்தவர் சாயங்காலம் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. பக்கவாதமோ என்று பதறினோம். ஆஸ்பத்திரியில், 'சர்க்கரை 30-க்கு இறங்கிவிட்டது' என்று குளுகோஸ் ஏற்றினார்கள், கண் விழித்தார். மூளையை எம்.ஆர்.ஐ. படம் வேறு எடுத்தார்கள். சர்க்கரை ஏறினால்தானே ஆபத்து? இறங்கினால் மூளைக்கு என்ன?" என்று கேட்கிறார் ஒரு சகோதரி.

நல்ல கேள்வி, அம்மா! உடம்பின் எடையில் மூளை நூற்றில் 2 பங்குதான். ஆனால் தீனியில் பலே ஆசாமி! நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுகோஸ் வேண்டும். சேர்த்து வைக்கவும் தெரியாது. அன்றாடங்காய்ச்சியைப் போல, ரத்தம் கொண்டு வருவதை நம்பியே அதன் பிழைப்பு.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி. 54-க்கும் கீழே போனால் பேச்சுத் தடுமாறும். காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். 'வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது' என்று நாம் சும்மா இருந்துவிடுவோம்! இன்னும் இறங்கி, 20-ஐ நெருங்கி, நெடுநேரம் அப்படியே நின்றால், மூளையின் மேற்பட்டையிலும் ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸிலும் உள்ள உயிரணுக்கள் மடியத் தொடங்கும்.

அதைப் பார்க்கத்தான் படம். அடிபட்ட அணுக்கள் வீங்கும்போது அங்கே நீரின் நடமாட்டம் தடைப்படும்; அந்த இடம் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். பக்கவாதத்தில் பெரும்பாலும் அடைபட்ட ரத்தக் குழாயின் எல்லைக்குள், ஒரு பக்கம் தெரியும். சர்க்கரைக் குறைவில் பெரும்பாலும் இரு பக்கமும் தெரியும். உள்ளேயுள்ள நரம்பிழைகளில் மட்டும் தெரிந்தால் பலர் தேறிவிடுகிறார்கள். படத்திலும் அது மறைந்துவிடுவதுண்டு. மேற்பட்டையெங்கும் பரவியிருந்தால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

ஆகவே, நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்துச் சோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரத நாளில் மருந்தின் அளவை டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

நீரிழிவுக்காரர் வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைப்பது வழக்கம். வையுங்கள், ஆனால் எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்!