எஃப்1 விசையை அழுத்த ஆளில்லை

சென்ற மாதம் நம் வட்டத்தில் ஒரு மரணச் செய்தி சுற்றுக்கு வந்தது. இறந்ததாகச் சொல்லப்பட்டது ஆளல்ல, ஒரு கணினி. மதுரையில் பெரியவர் ஒருவரின் மாடியறையில், திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டி. நாற்பது ஆண்டுகளாக அவர் பழைய புத்தகக் கடைகளிலும் நண்பர்களின் பரண்களிலும் தேடிச் சேர்த்த சிற்றிதழ்களை நாங்கள் சிலர் முறைவைத்து ஸ்கேன் செய்து அதற்குள் போட்டு வைத்திருந்தோம். ஒரு நாள் பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. யூபிஎஸ் தன்னால் இயன்றவரை தாங்கிவிட்டு அடங்கியது. மாலையில் மின்சாரம் வந்தது. பெட்டி வரவில்லை.

மூன்றாம் நாளே நண்பர் ஒருவர் இரங்கற்கட்டுரை எழுதிவிட்டார். நல்ல தமிழ்தான். காலம், மறதி, இயந்திரத்தின் துரோகம், காகிதத்தின் மேன்மை எல்லாம் அதில் முறையாக வரிசையில் வந்து நின்றன. கூடவே 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததும் வந்து நின்றது. அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அழிந்தவை சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும். அந்த நெருப்பு தானாகப் பற்றியதல்ல, வைத்தார்கள். மதுரையில் என்ன நடந்தது என்பது நண்பர் எழுத உட்கார்ந்தபோது யாருக்குமே தெரியாது. தெரிந்துகொள்ளும் பொருட்டு ஒருவரும் அந்த மாடிப்படியை ஏறவும் இல்லை.

நான் தொலைபேசியில் பெரியவரைக் கேட்டேன்: "சார், திரையில் என்ன எழுதியிருக்கிறது?"

"அதற்குத்தான் திரையே கிடையாதே தம்பி. வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

சொன்னவன் நான்தான். அதற்கான தண்டனை இந்தக் கட்டுரையில் எனக்கும் உண்டு, வருகிறேன்.

வார இறுதியில் ஒரு திரையையும் விசைப்பலகையையும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அக்கம்பக்கத்துக் கணினிக் கடைக்காரர் ஒருவர் வந்து, பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும்" என்று தீர்ப்புச் சொல்லிப் போயிருந்தார். பெரியவரின் பேத்தி கடையைத் திறக்கும் நேரம் வரை காத்திருக்கலாம் என்று தாத்தாவிடம் சொல்லித் தடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ்ச் சிற்றிதழ் உலகம் கடன்பட்டிருக்கிறது. அவளோ ஒரு சிற்றிதழையும் படித்ததில்லை.

திரையை இணைத்து மின்சாரம் கொடுத்ததும் எழுத்துகள் வந்தன. கடிகார அமைப்புகள் அழிந்துவிட்டன, தேதி தெரியவில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்தவும். அவ்வளவுதான். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுக் குறைந்த அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும், எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது போன்ற சில அமைப்புகளையும் மறக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். யூபிஎஸ் இருந்தவரை அதன் சாவு தெரியவில்லை. மின்சாரம் முழுவதும் போனதும் தெரிந்தது. பெட்டி விழித்து, தேதியை மறந்து, யாராவது ஒரு விசையை அழுத்துவார்கள் என்று மூன்று நாட்களுக்கு மேல் காத்திருந்தது. அழுத்த விசைப்பலகை இல்லை. நாம் இரங்கல் எழுதிக்கொண்டிருந்தோம்.

எஃப்1-ஐ அழுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியதில் தொடக்க வரிசையும் மாறிப்போயிருந்தது. இயங்குதளம் இருக்கும் சிறு தட்டை விட்டுவிட்டு, இதழ்கள் மட்டுமே உள்ள தட்டொன்றில் இயங்குதளத்தைத் தேடி, காணோம் என்றது. இந்த இடத்தில்தான் பலரும் தட்டு காலி என்று முடிவுகட்டி ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். வீட்டு எண் மாறி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியவன் "இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை" என்று சொல்வதற்கு ஒப்பானது இது. தேதியைச் சரிசெய்து, வரிசையை மாற்றியதும் லினக்ஸ் கிளம்பியது. பாதி தூரம் வந்து நின்றது. ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்தது. பிறகு அவசர நிலையில் நின்று கடவுச்சொல் கேட்டது.

எதற்குக் காத்திருந்தது தெரியுமா? நகலுக்கு.

விளக்குகிறேன். தொடங்கும்போது எந்தெந்தத் தட்டுகளை இணைக்க வேண்டும் என்று எஃப்எஸ்டேப் என்னும் சிறு கோப்பில் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் யூஎஸ்பி வழியாகச் செருகிய ஒரு வெளித்தட்டும் இருந்தது. இரவுதோறும் எல்லா இதழ்களுக்கும் நகல் எடுத்து வைக்க நாங்கள் வாங்கிக் கொடுத்த தட்டு. அது அங்கே இல்லை. நம் நண்பர்களில் ஒருவர் சினிமாப் படங்களை ஏற்றிக்கொள்ள அதை எடுத்துப்போய் எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இடையில் பெட்டி ஒருமுறைகூட அணைக்கப்படாததால், இல்லாத தட்டைப் பற்றிக் கேள்வி எழவில்லை. மறுபடி தொடங்கும்போதுதான் அது பட்டியலைப் படித்து, நகல் எங்கே என்று கேட்டு, பதில் கிடைக்காமல் மேலே நகர மறுத்தது. அந்த வரியில் நோஃபெயில் என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், தட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தொடர்ந்திருக்கும். சேர்க்காமல் விட்டவன் நான். அன்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சேர்த்திருந்தால் நகல் இல்லை என்பதே நமக்குத் தெரிய வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

இனி, நம் நண்பர்கள் அடிக்கடி சொல்லும் "ரெய்டு இருக்கிறது, பயமில்லை" என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். (வருமான வரிக்காரர்கள் வருவது அல்ல.) மூன்று தட்டுகளைச் சேர்த்து, அவற்றில் ஒன்று செத்தாலும் மற்ற இரண்டிலிருந்து முழுவதையும் திரும்பப் பெறும்படி அமைப்பது அந்த முறை. நல்ல முறைதான். ஆனால் ஒன்று செத்தால் அதை மாற்ற ஆள் வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் செத்தது தெரிய வேண்டும். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். போன மழைக்காலத்திலேயே நடுத்தட்டு போயிருந்தது. பெட்டி அதைச் சொல்லியிருக்கிறது. தன் உள் அஞ்சற்பெட்டியில், யாரும் படிக்காத ஓர் முகவரிக்கு, ஒழுங்காக எழுதிப் போட்டிருக்கிறது. மிச்சம் இரண்டு தட்டுகளில் உயிரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இதழ்களைத் தந்துகொண்டிருந்தது. எழுதும் பணி நடந்துகொண்டிருந்தபோதே மின்சாரம் அறுந்ததால், இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்று தொகுதியைத் திறக்கவும் மறுத்தது. அதுவும் நேர்மைதான்.

இந்த நிலையில் செய்யக்கூடாதவை இரண்டு. இணையத்தில் யாரோ எழுதியதைப் பார்த்துத் தொகுதியைப் "புதிதாக உருவாக்கு" என்று கட்டளையிடுவது; நோயுற்ற தட்டின்மேல் கோப்பு முறைமையைச் சீர்செய்யும் நிரலை ஓட விடுவது. இரண்டும் பழைய சுவடியின்மேல் எழுத்தாணியை வைத்து அழுத்தி எழுதிப் பார்ப்பதற்குச் சமம். முதலில் நகல். பிறகுதான் மருத்துவம். இரண்டு புதிய தட்டுகள் வாங்கி, டிடிரெஸ்க்யூ என்னும் இலவச நிரலால் பழைய தட்டுகளை அப்படியே பெயர்த்தேன். அது பொறுமைசாலி. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்தவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு, முரண்டுபிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துவிட்டு, பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வரும். இரண்டு இரவுகள் ஓடியது. ஒரு தட்டு முழுமையாக வந்தது. மற்றதில் சில இடங்கள் கடைசிவரை வரவில்லை. பிறகு நகல்களை மட்டும் வைத்துத் தொகுதியைக் கட்டாயப்படுத்திக் கூட்டி, படிக்க மட்டுமே முடிகிற வகையில் திறந்தேன். இதழ்கள் இருந்தன. பதினொரு இதழ்களின் கோப்புகள் மட்டும் சிதைந்திருந்தன.

இங்கே ஒரு வேடிக்கை. வெளித்தட்டு போன பிறகும் இரவு நகல் வேலை நிற்கவில்லை. தட்டு இருந்த இடத்தில் வெறும் உறையாக இருந்த கோப்புறைக்குள், அதாவது இயங்குதளத்தின் சொந்தத் தட்டிலேயே, அகர வரிசைப்படி எழுதிக்கொண்டே போய், இடம் நிரம்பியதும் நின்றிருக்கிறது. ஆக, அகரத்திலிருந்து சகரம் வரை பெயர் தொடங்கும் இதழ்களுக்கு நாங்கள் அறியாமலே ஒரு நகல் இருந்தது. பதினொன்றில் ஏழு அங்கிருந்து கிடைத்தன. பெயர் பின்னால் வந்த நான்கு போயே போயின. அந்த நான்கின் காகிதப் பிரதிகளை, ஸ்கேன் ஆகிவிட்டதே என்ற நிம்மதியில், வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டவர் நம்மில் ஒருவர். அவரும் இரங்கற்கட்டுரையைப் பாராட்டியிருக்கிறார்.

இப்போது நண்பருக்கு. இயந்திரம் துரோகம் செய்தது என்று எழுதினீர்கள். அது தேதி தெரியவில்லை என்றது. நகல் எங்கே என்றது. ஒரு தட்டு செத்துவிட்டது என்றது. மற்ற இரண்டுக்கும் உறுதி சொல்ல மாட்டேன் என்றது. நான்கும் உண்மை. நான்கையும் கேட்க ஆளில்லை. "எனக்கு இந்தக் கணினி சமாச்சாரமெல்லாம் தெரியாது" என்று நம் கூட்டங்களில் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் ஏறுவதை எத்தனையோ முறை கவனித்திருக்கிறேன். ஏதோ தெரியாமையே ரசனையின் சான்றிதழ் என்பதுபோல. 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தானே சுமந்து ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றவர். மூட்டை தூக்குவது விமரிசகனின் வேலையல்ல என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தலைமுறையின் இதழ்களைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பிய நமக்கு ஒரு விசைப்பலகையைச் செருகிப் பார்ப்பது மட்டும் ஏன் இழுக்காக இருக்கிறது?

காகிதமே மேல் என்கிறீர்கள். ஓலை அதற்கும் மேல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஓலையால் நமக்கு எதுவும் வந்து சேரவில்லை, பெயர்த்தெழுதியதால் வந்தது. கரையானும் ஈரமும் ஓர் ஏட்டைத் தின்பதற்குள் இன்னொரு வீட்டில், இன்னொரு மடத்தில், இன்னொருவர் அதைப் பார்த்து எழுதிவைத்தார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல இடத்துப் பிரதிகளை ஒப்புநோக்க முடிந்தது, பல இடங்களில் பிரதிகள் இருந்த காரணத்தால். பாடபேதம் என்று நாம் அலுத்துக்கொள்வது அந்தப் பன்மையின் தழும்பு. வளையாபதியிலும் குண்டலகேசியிலும் சில பாடல்களாவது எஞ்சியது, வேறு நூல்கள் அவற்றை எடுத்தாண்டு வைத்திருந்ததால்தான். மூலம் போய்விட்டது, அயலார் வீட்டில் கிடந்த துண்டு பிழைத்தது.

நாமோ நேர் எதிராக நடந்துகொண்டோம். இதழ்களின் நகலை வெளியே தரக்கூடாது என்பது எங்கள் குழுவின் எழுதப்படாத சட்டம். பெரியவருக்கு ஒரு நியாயம் உண்டு. முன்பு அவர் நம்பிக் கொடுத்த இதழ்களை வைத்து ஒருவர் தொகுப்பு நூல் போட்டார், நன்றியுரையில்கூடப் பெயர் இல்லை. பதிப்புரிமைச் சிக்கல்களும் உண்மையானவை. எல்லாவற்றையும் பொதுவில் கொட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குள்ளேயே மூன்று பேர், மூன்று ஊர்களில், ஆளுக்கொரு தட்டு வைத்துக்கொள்வதை எந்தச் சட்டம் தடுத்தது? தடுத்தது வேறொன்று. "அது எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது" என்று சொல்லும்போது கிடைக்கும் கிறக்கம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தட்டச்சு செய்த நூல்களை இலவசமாக இறைத்துவிட்டது. அவை எத்தனை நாடுகளில், எத்தனை கணினிகளில் கிடக்கின்றன என்று யாராலும் எண்ண முடியாது. எந்த ஒரு பெட்டி கிளம்பாமற்போனாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அதே மதுரையின் பெயர்கொண்ட அந்தத் திட்டத்தை நம் நண்பர்கள் எழுத்துப்பிழை மலிந்தது என்று கேலி செய்வார்கள். பிழையோடு ஆயிரம் இடத்தில் இருப்பதும், பிழையின்றி ஒரே மாடியறையில் இருப்பதும் ஒன்றல்ல.

பெட்டி இப்போது ஓடுகிறது. பேட்டரியைப் பெரியவர் வீட்டுத் தெருமுனைக் கைக்கடிகாரக் கடையில் வாங்கினேன். போகவர ஆட்டோவுக்கு ஆன செலவில் பாதிகூட ஆகவில்லை. தட்டு செத்தால் எனக்கும் பேத்திக்கும் அஞ்சல் வரும்படி செய்திருக்கிறேன். நகல்கள் திருச்சியிலும் கோவையிலும் ஆளுக்கொன்று போய்விட்டன, பெரியவரின் சம்மதத்தோடு. "முன்பே கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். யாரும் அவரைக் கேட்டதே இல்லை, அவர் மறுப்பார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன நான்கு இதழ்களின் பெயரும் எண்ணும் குழு நண்பர்கள் அனைவருக்கும் தெரியும். யார் வீட்டுப் பரணிலாவது அவை இருந்தால், ஸ்கேன் செய்த பிறகும் எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். சினிமாப் படங்கள் ஏற்றிக்கொள்ள வெளித்தட்டை எடுத்துப்போனவர் இதைப் படிப்பார் என்று தெரியும். படங்களை அழிக்க வேண்டாம், அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். அதன் அடியில் பழைய நகல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.