‘தகுந்தவர் கிடைக்கவில்லை’: இந்தப் பதிலை யார் கேள்வி கேட்பது?

2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. 24 அமைச்சகங்களில் மொத்தம் 45 பதவிகள். அதில் இணைச் செயலாளர் 10. இயக்குநர், துணைச் செயலாளர் நிலையில் 35. ஐ.ஏ.எஸ். தேர்வு எழுதி, சப்-கலெக்டராகத் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்து ஓர் அதிகாரி போய்ச் சேரும் நாற்காலியில், தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் உள்ளிட்ட வெளியாட்களை நேராகக் கொண்டுபோய் உட்கார வைக்கும் முறை அது. இட ஒதுக்கீடு கிடையாது. எதிர்க்கட்சிகள் கொதித்தன, ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே சிராக் பாஸ்வானும் எதிர்த்தார். மூன்றே நாளில், 20-ஆம் தேதி, விளம்பரத்தைத் திரும்பப் பெறச் சொல்லி இணையமைச்சர் ஜிதேந்திர சிங் தேர்வாணையத்துக்குக் கடிதம் எழுதினார். விளம்பரம் ரத்தானது.

இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த மூன்று நாளும் நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. பட்ஜெட் கூட்டத்தொடர் ஆகஸ்ட் 9-ஆம் தேதியே முடிந்துவிட்டது. துறைகளைக் கண்காணிக்க வேண்டிய நிலைக்குழுக்களும் அன்றைக்கு இல்லை. புதிய மக்களவை அமைந்து மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் கடைசியில்தான் அவை அமைக்கப்பட்டன. தெருவில் எழுந்த குரலும் கூட்டணிக் கணக்கும் சேர்ந்துதான் அந்த விளம்பரத்தை நிறுத்தின. நாட்டின் செலவையும் நியமனத்தையும் தட்டிக் கேட்க அரசமைப்புச் சட்டம் ஏற்படுத்திய அவைக்கு அதில் பங்கில்லை. இந்த முறை தொடங்கிய 2018-லிருந்து அதுவரை 63 பேர் இப்படி உள்ளே வந்திருந்தார்கள். அந்த 63 நியமனத்துக்கும் இப்படி ஒரு மூன்று நாள் வாய்க்கவில்லை.

இட ஒதுக்கீடு எப்படி மறைந்தது? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை விளங்கிக்கொள்வது நல்லது. மத்திய அரசின் நேரடி நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு. இனச்சுழற்சிப் பட்டியலில் ஏழாவது இடம் பட்டியல் சாதிக்கு. பதினான்காவது இடம் பழங்குடிக்கு. ஒரே ஒரு பதவி மட்டும் உள்ள பிரிவில் இட ஒதுக்கீடு பொருந்தாது என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு அந்த 45 பதவிகளையும் ஒன்றாகச் சேர்க்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதவி என்று கணக்கு வைத்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று 45 முறை எண்ணினால் ஏழு வரவே வராது. சேர்த்து எண்ணியிருந்தால் நமக்கு 6, பழங்குடியினருக்கு 3 கிடைத்திருக்கும். சட்டத்தை மீறினார்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி, எண்ணும் விதத்திலேயே வேலை முடிந்துவிட்டது.

பல்கலைக்கழக ஆசிரியர் பணியிலும் இதே வித்தை நடந்தது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக வைத்து எண்ணிவந்ததை மாற்றி, துறை வாரியாக எண்ணச் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் உள்ள சிறு துறையில் ஏழாவது இடம் எப்போது வரும்? போராட்டம் நடந்தது. 2019-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பல்கலைக்கழகத்தையே அலகாக வைக்க வேண்டும் என்று ஆக்கியது. ஆக, அவை நினைத்தால் முடியும்.

மேல்மட்டத்தில் நாம் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதும் அவையில் கேட்டதால்தான் தெரிந்தது. 2022 டிசம்பரில் அரசு கொடுத்த பதிலின்படி, மத்திய அரசில் இணைச் செயலாளர், செயலாளர் பதவிகளில் இருந்த 322 பேரில் பட்டியல் சாதியினர் 16, பழங்குடியினர் 13, பிற்படுத்தப்பட்டோர் 39. மிச்சம் 254 பேர் பொதுப் பிரிவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்களில் 16.6 விழுக்காடாக இருக்கும் நாம், கோப்பில் கையெழுத்துப் போடும் இடத்தில் 5 விழுக்காடுகூட இல்லை. யாரோ ஓர் உறுப்பினர் கேள்வி கேட்காமல் போயிருந்தால் இந்த எண்கள் வெளியே வந்திருக்காது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விக்கு வாய்மொழியாகவும் 230 கேள்விக்கு எழுத்திலும் பதில் தர முடியும். டி.வி.யில் வரும் கூச்சலைவிட அந்த எழுத்துப்பூர்வ பதில்களில்தான் நமக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

கேள்வியைவிட ஆழமாகப் போகக்கூடியவை குழுக்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் நலனுக்கென்றே நாடாளுமன்றத்தில் ஒரு குழு உண்டு. மக்களவையிலிருந்து 20 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. வங்கி, ரயில்வே, பொதுத்துறை நிறுவனம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அதிகாரிகளை நேரில் வரவழைத்து, எத்தனை இடம், எத்தனை நிரப்பினீர்கள், மீதி ஏன் காலி என்று கேட்பது இதன் வேலை.

இந்தக் குழு 2023 ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை பற்றி ஓர் அறிக்கை வைத்தது. மருத்துவம் படிக்கும், படிக்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் தேடிப் படிக்க வேண்டிய அறிக்கை. அங்கே 1,111 ஆசிரியர் பணியிடங்களில் உதவிப் பேராசிரியர் 275, பேராசிரியர் 92 காலியாக இருந்தன. நம்மவர்களுக்கான இடங்கள் ஏன் நிரம்பவில்லை என்று கேட்டதற்கு வந்தது பழகிய பதில்தான்: தகுந்தவர் போதுமான அளவில் கிடைக்கவில்லை. குழு அதை ஏற்க மறுத்தது. அதே மருத்துவமனையில் தற்காலிகமாக வேலை பார்த்து, நோயாளிகளைக் கவனித்து, அனுபவம் பெற்ற பட்டியல் சாதி, பழங்குடி மருத்துவர்கள், நிரந்தர நியமனம் என்று வரும்போது மட்டும் எப்படித் தகுதியற்றவர்கள் ஆகிறார்கள் என்று குழு சுட்டிக்காட்டியது. தற்காலிகம் என்றால் தகுதி உண்டு, நிரந்தரம் என்றால் தகுதி இல்லை! காலியிடங்களை மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்றும் பரிந்துரை செய்தது.

இந்தக் குழுவில் ஆளும் கட்சி உறுப்பினர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் அன்றைய தலைவர் கிரித் சோலங்கி ஆளும் கட்சிக்காரர்தான். கேமரா இல்லாத அறையில், அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, கட்சி வேறுபாடு கொஞ்சம் தளர்கிறது. மன்றத்தில் பேச முடியாததை அங்கே கேட்கிறார்கள்.

ஆனால் குழுவின் சொல் பரிந்துரை மட்டுமே. அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. நடவடிக்கை என்ன என்று அரசு பதில் அனுப்பும். குழு அதன் மீது இன்னோர் அறிக்கை வைக்கும். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற இரண்டு சொல்லிலேயே பல ஆண்டுகள் ஓடிவிடும். அறிக்கைகள் மன்றத்தின் மேசையில் வைக்கப்படுகின்றன. விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அரிது. நிரப்பாமல் விட்ட இடங்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வழி செய்ய, 2000-ஆம் ஆண்டில் 81-ஆவது அரசமைப்புத் திருத்தமே கொண்டுவந்தார்கள். அந்தப் பின்னடைவுப் பணியிடங்கள் 50 விழுக்காட்டு வரம்புக்குள் வராது என்பது அதன் சாரம். சட்டம் தெளிவாக இருந்தும் இடம் நிரம்பவில்லை என்றால், கேட்பவர் பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார் என்றுதான் பொருள்.

பணத்துக்கு வருவோம். மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் திட்டச் செலவில் நமக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது 1979-80-இல் தொடங்கிய ஏற்பாடு. சிறப்புக் கூறுத் திட்டம், துணைத் திட்டம் என்று பெயர்கள் மாறின. மத்திய பட்ஜெட்டில் இதற்கென்று ‘10ஏ’ என்ற தனி அறிக்கை உண்டு. 2024-25 பட்ஜெட்டில் அதில் காட்டிய தொகை ஏறத்தாழ 1.65 லட்சம் கோடி ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கிறது. உள்ளே போனால், உரமானியம் போல எல்லாருக்கும் பொதுவான செலவில் ஒரு பங்கைப் பிரித்து நம் கணக்கில் எழுதியிருப்பார்கள். உரம் வாங்க நிலம் வேண்டாமா? கூலிக்குப் போகிறவர் பெயரில் உரத்துக்குக் கணக்கு எழுதுவதைத்தான் நாடாளுமன்றம் வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் விவாதித்து நிறைவேற்றுவதுதான் முறை. குறித்த நாள் முடிந்ததும் மீதி எல்லாவற்றையும் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார்கள். அதற்குக் கில்லட்டின் என்று பெயர். பிரான்ஸில் தலை வெட்டிய கருவியின் பெயர். 2018-லும் 2023-லும் ஒரு அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் மக்களவையில் பட்ஜெட் நிறைவேறியது. 2023-ல் அந்தத் தொகை ஏறத்தாழ 45 லட்சம் கோடி. அமளி யாரால் என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். நம் பங்கு அதற்குள்தான் இருந்தது.

செலவு முடிந்த பிறகு பார்ப்பது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அவருடைய அறிக்கைகளை ஆராய்வது பொதுக் கணக்குக் குழு. 22 பேர் கொண்ட இதற்கு 1967-லிருந்து எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக இருப்பது வழக்கம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை 2018-ல் தணிக்கையாளர் ஐந்து மாநிலங்களில் ஆய்வு செய்தார். தமிழ்நாடு அதில் ஒன்று. பணம் தாமதமாக வருவது, தகுதியுள்ள மாணவர் எத்தனை பேர் என்ற கணக்கே சரியாக இல்லாதது எல்லாம் அதில் வெளிவந்தன. 2020 டிசம்பரில் மத்திய அரசு முறையை மாற்றியது: செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம், ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 59,048 கோடி. மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகே மத்திய பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் பங்கு தாமதமானால் இரண்டாவதும் தாமதம். அதற்குள் கல்லூரியில் கட்டணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்துவிடும். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் என்ற வரம்பு 2013-லிருந்து அப்படியே நிற்கிறது.

நிதியைத் திருப்பிவிடுவதில் கட்சி வேறுபாடு இல்லை. காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி அரசு 600 கோடிக்கும் மேற்பட்ட பட்டியல் சாதி நிதியை எடுத்ததை, 2010-ல் மாநிலங்களவையில் கேள்வி எழுந்த பிறகு உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் ஒப்புக்கொண்டார். கர்நாடகத்தில் இதற்கென்று சட்டமே இருந்தும், 2023-ல் 11,000 கோடிக்கும் அதிகமான தொகையை அரசு தன் வாக்குறுதித் திட்டங்களுக்குக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகைக்குத் துணைத் திட்ட நிதி போவதாக அதே ஆண்டு புகார் எழுந்தது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. உரிமைத் தொகை நம் தாய்மார்களுக்கும் வருகிறது, மறுக்கவில்லை. எல்லாருக்கும் கொடுப்பதை எல்லாருடைய பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் நம் வழக்கு. 2024-ல் தமிழ்நாட்டிலும் தனிச் சட்டம் வந்துவிட்டது. கர்நாடகத்தைப் பார்த்த பிறகு, சட்டம் வந்ததால் மட்டும் நாம் நிம்மதி அடைய முடியாது.

டெல்லியில் நடக்காத விசாரணையின் சிறு பதிப்பு நம் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்க ‘திஷா’ என்ற பெயரில் மாவட்டக் குழு இருக்கிறது. எம்.பி. அதன் தலைவர், கலெக்டர் செயலாளர். ஊரக வேலைத் திட்டம், வீடு, குடிநீர், சாலை எல்லாம் அதன் பார்வைக்குள் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். அதோடு, எம்.பி.யின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி; அதில் 15 விழுக்காடு, அதாவது 75 லட்சம், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்குச் செலவாக வேண்டும். ஐந்து ஆண்டில் மூன்றே முக்கால் கோடி. எந்தத் தெருவில் என்ன வேலை நடந்தது என்ற பட்டியலையும், கடைசித் திஷா கூட்டத்தின் குறிப்பையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் மனு எழுத அரை மணி நேரம் போதும். அதே காகிதத்தில் இரண்டாவது பத்தியாக, நம் மாவட்டத்தில் எத்தனை மாணவருக்கு இந்த ஆண்டு உதவித்தொகை இன்னும் வரவில்லை என்பதை மக்களவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லி எம்.பி.க்கும் ஒரு பிரதி அனுப்பலாம். கேள்விக்கு 15 நாள் முன்னதாகவே அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கும் தேதியைப் பார்த்து அதற்கு முன்பே அனுப்புங்கள்.