பர்மா தேக்குக்கு ரசீது எங்கே?

வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் “ஒரிஜினல் பர்மா தேக்கு” என்ற சொல்லுக்கே தனி விலை. சொன்ன மாத்திரத்தில் கன அடிக்கு ரேட் ஏறிவிடும். கரையான் தொடாது, மழையில் உப்பாது, மூன்று தலைமுறை நிற்கும் என்பார்கள். உண்மைதான். மரத்தின் மீது நமக்கு வழக்கில்லை. அதை வெட்டியது யார்? விற்றது யார்? பணம் போய் விழுந்த பெட்டி யாருடையது? இதைக் கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

கேட்கும் உரிமை வியாசர்பாடிக்கு உண்டு. பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்கள் குடியேறிய பேட்டை இது. 1962 மார்ச்சில் ஜெனரல் நீ வின் ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்தார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று உத்தரவு வந்தது. பெண்கள் முடிந்து வைத்திருந்த காசு வெறும் காகிதமாயிற்று. தேசியமயம் என்ற நல்ல பெயரைத் தளபதிகள் தங்கள் கொள்ளைக்குப் போர்வையாக்கினார்கள். கப்பலேறி வந்தவர்களின் பேரன்மார்தான் இன்று பட்டறைகளில் இழைப்புளி பிடிக்கிறார்கள்.

கதை அதற்கும் முந்தியது. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி தேக்கு வெட்டியதில் கள்ளக்கணக்குக் காட்டியது என்று 1885இல் தீபா மன்னரின் சபை சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஏகாதிபத்தியம் என்ன செய்தது? பீரங்கிப் படகுகளை அனுப்பியது. நவம்பரில் மாந்தளை விழுந்தது. 1886 ஜனவரி முதல் நாள் மேல் பர்மா பிரிட்டிஷ் சொத்தாயிற்று. (அதே கம்பெனிதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் மாஞ்சோலை மலையைக் குத்தகைக்கு எடுத்தது. நெல்லைத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.)

வெள்ளைக்காரன் போனான், கொள்ளை போனதா? காட்டில் மரம் வெட்டி விற்கும் ஏகபோகம் மியன்மா டிம்பர் என்டர்பிரைஸ் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரம் ஏற்றுமதி நின்றது. அதுவரை அந்த மரத்தை அதிகம் வாங்கிய நாடு நம்முடையது! 2021 பிப்ரவரி 1 அன்று தளபதிகள் மீண்டும் ஆட்சியைப் பறித்தார்கள். எதிர்த்து வீதிக்கு வந்த தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். மர நிறுவனமும் தளபதிகள் வசமாயிற்று. அதன் மேல் அமெரிக்கா அந்த ஏப்ரலிலும், ஐரோப்பிய ஒன்றியம் ஜூனிலும் தடை போட்டன. அவர்கள் மகாத்மாக்கள் அல்ல. தடைக்குப் பிறகும் சீமான்களின் உல்லாசப் படகுகளுக்குத் தேக்கு போய்க்கொண்டுதான் இருந்தது. டில்லி சர்க்காரோ அந்தப் பெயரளவுத் தடையைக்கூடப் போடவில்லை. இந்தியத் துறைமுகங்களில் பர்மா மரம் தொடர்ந்து இறங்கியது.

“எங்களிடம் எல்லாப் பேப்பரும் இருக்கிறது” என்பார் வியாபாரி. என்ன பேப்பர்? மரத்தில் பூச்சி இல்லை என்ற சான்று! 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு உத்தரவு அதைத்தான் கேட்கிறது. பூச்சிக்குச் சட்டம் உண்டு, திருட்டுக்கு இல்லை. எந்தக் காட்டில் வெட்டியது, முறையாக வெட்டியதா என்று இறக்குமதியாளரை நிரூபிக்கச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை.

தஞ்சை விவசாயி தன் வரப்பில் தானே வளர்த்த தேக்கை லாரியில் ஏற்றிப் பார்க்கட்டும்! கிராம அதிகாரியின் சான்று எங்கே, வன இலாகாவின் அனுமதிச் சீட்டு எங்கே என்று வழிமறிப்பார்கள். ஒற்றை மரத்துக்கு இத்தனை கேள்வி. கடல் தாண்டி வரும் கண்டெய்னருக்குக் கேள்வியே இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

“இறக்குமதி நின்றால் ஆசாரிகள் பட்டினி கிடப்பார்கள்” என்று முதலாளிகள் திடீரென்று கண்ணீர் விடுகிறார்கள். கூலி உயர்வு கேட்ட அன்று இந்தக் கண்ணீர் எங்கே போயிருந்தது? இழைப்புளிக்கு எந்த மரமும் ஒன்றுதான். காவிரிக் கால்வாய்க் கரைகளில் வன இலாகா வளர்த்த தேக்கு இருக்கிறது. வேம்பும் வாகையும் பூவரசும் நம் வீடுகளுக்கு நிலையாகவும் கதவாகவும் நின்றவைதான். செட்டிநாட்டில் இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய பர்மா மரத்தை மறுபடி அறுத்தால் புதிதாக ஒரு மரமும் விழ வேண்டாம். அறுப்பதற்கும் இழைப்பதற்கும் ஆள் கூடுதலாகவே வேண்டும்.

நம் வாரியக் குடியிருப்புக்கு யாரும் பர்மா தேக்கில் கதவு போடப்போவதில்லை. ஆனால் அதை இறக்குவதும் அறுப்பதும் நம் கைகள். இறக்குமதியாளர் காட்டின் பெயரையும் விற்றவன் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும், தளபதிகளின் மரமாக இருந்தால் சுங்கத்திலேயே நிறுத்த வேண்டும் என்று டில்லி சட்டம் போடட்டும். அதுவரை மாநில சர்க்கார் தன் பொதுப்பணி டெண்டர்களிலாவது இந்த நிபந்தனையை எழுதலாம். அதற்கு டில்லியின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.